‘ஆறு மாதம்’ என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேன் சொன்ன அன்றே வீட்டில் எழும் கேள்வி, “இன்னும் எவ்வளவு நாள்?” அதற்கு ஊரெல்லாம் வைத்திருக்கும் பதில், “ஆறு மாதம்.” உறவினர்கள் சொல்கிறார்கள், மருத்துவமனை வராந்தாவில் சொல்கிறார்கள், நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் அதுவே அச்சாகிறது. இப்போது கணினி மென்பொருளே ஆயுளைக் கணித்துவிடும் என்ற செய்திகளும் சேர்ந்துகொண்டன. இந்தக் கணிப்புகள் எப்படிப் போடப்படுகின்றன, எங்கே பிசகுகின்றன, எதற்காகப் போட வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதி கேட்கிறோம்.

‘ஆறு மாதம்’ பொய்யான எண் இல்லை, பழைய எண். முற்றிய நிலையில் உள்ள நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் பேருக்கு நோய் ஒரு கட்டத்தில் எலும்பைத் தொடுகிறது. கீமோவைத் தவிர வேறு மருந்து இல்லாத காலத்தில், அப்படிப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள் ஆறேழு மாதத்தை ஒட்டியே இருந்தது. அந்த எண் பாடப்புத்தகத்தில் ஏறியது, அங்கிருந்து வாய்க்கு வாய் இறங்கியது. மருந்துகள் மாறிவிட்டன. எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

‘இடைநிலை ஆயுள்’ என்ற சொல்லையே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் ஐம்பதாவது ஆள் எந்த மாதம் வரை இருந்தார் என்பதே அந்த எண். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் அதே மாதத்தில் இறந்தார்கள் என்று அதற்குப் பொருள் கிடையாது. முற்றிய புற்றுநோய்களின் ஆய்வு வரைபடங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஒரு கைக்கணக்கு சொல்கிறார்கள். இடைநிலையைப் பாதியாக்கு, இரட்டிப்பாக்கு: ஏறத்தாழ பாதிப் பேர் அந்த இடைவெளிக்குள் வருவார்கள். கால்வாசிக்கும் குறைவாகப் போவது பத்தில் ஒருவர், மும்மடங்கைத் தாண்டுவதும் பத்தில் ஒருவர். ஆக, இடைநிலை எட்டு மாதம் என்றால் வழக்கமான எல்லை 4 முதல் 16 மாதம்; மோசமாகப் போனால் இரண்டே மாதம்; நன்றாகப் போனால் இரண்டு ஆண்டைத் தாண்டலாம். இப்படி மூன்றாகச் சொன்னால் குடும்பம் திட்டமிட முடியும். ஒற்றை எண்ணாகச் சொன்னால் ‘கெடு’ வைத்ததாகத்தான் ஆகிறது. அந்தத் தேதி தாண்டினால் டாக்டர் மீது நம்பிக்கை போகிறது. தாண்டாவிட்டால் ஆயத்தமாக அவகாசம் கிடைப்பதில்லை.

பழைய எண்ணை உடைத்தது மரபணுப் பரிசோதனை. நுரையீரல் புற்றுநோயில் அடினோகார்சினோமா என்ற வகையில், ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இந்திய நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இருக்கிறது; சில ஆய்வுகளில் இன்னும் சற்று அதிகம். மேற்கு நாட்டவரில் இது பத்து, பதினைந்து சதவீதம்தான். புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரை உண்டு. ஓசிமெர்டினிப் மாத்திரையை முதல் சிகிச்சையாகத் தந்த ஃபிளாரா ஆய்வில் இடைநிலை ஆயுள் 38.6 மாதம், ஒப்பிடப்பட்ட பழைய மாத்திரைகளில் (கெஃபிடினிப் அல்லது எர்லோடினிப்) 31.8 மாதம். ஏஎல்கே என்ற இன்னொரு மாற்றம் நூற்றில் சிலருக்கே உண்டு. ஆனால் அலெக்டினிப் மாத்திரை எடுத்த அவர்களில் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 62.5 சதவீதம். இந்த இரு மாற்றங்களும் இல்லாமல், கட்டியின் செல்களில் பாதியிலோ அதற்கு மேலோ பிடிஎல்-1 புரதம் இருந்து, பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து எடுத்தவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்.

இந்த எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் எழுந்து நடமாடக்கூடியவர்கள். எலும்பில் பரவல் உள்ளவர்கள், இல்லாதவர்களைவிடப் பொதுவாகச் சற்றுப் பின்தங்கியே போகிறார்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு எண்ணும் ஒரு மருந்துக்குச் சொந்தமானது. ஓசிமெர்டினிப் வாங்க வழியில்லாத வீட்டில் 38.6 மாதத்தைப் பேசிப் பயன் இல்லை. உள்நாட்டுத் தயாரிப்பாகக் குறைந்த விலையில் கிடைக்கும் கெஃபிடினிப்பை எடுப்பவருக்கு நம் நாட்டு ஆய்வே பொருத்தம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 பேரிடம் நடத்திய ஆய்வில் கெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்தது 8 மாதம், இடைநிலை ஆயுள் 17 மாதம். அதோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோவையும் சேர்த்தவர்களுக்கு நோய் கட்டுப்பாடு 16 மாதமானது. ஆயுளும் கூடியது, பக்கவிளைவும் கூடியது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் ஓசிமெர்டினிப்புக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது. கணிப்புக்கும் சுங்க வரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எந்த மருந்து கைக்கு எட்டுகிறதோ அதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்கிறபோது, தொடர்பு நேரடியானது.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் எலும்பு பயாப்ஸியில் இருக்கிறது. எலும்பில் எடுத்த சதையை மெல்லிய சீவலாக வெட்ட, முதலில் அதிலுள்ள சுண்ணாம்பை நீக்க வேண்டும். பல பரிசோதனைக்கூடங்களில் நைட்ரிக் அல்லது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போடுவார்கள்; ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அமிலம் மரபணுவைத் துண்டு துண்டாக்கிவிடும். ‘இது நுரையீரல் புற்றுநோய்’ என்ற முடிவு வரும். ஈஜிஎஃப்ஆர் பரிசோதனைக்கு அனுப்பினால் ‘மாதிரி போதுமானதாக இல்லை’ என்று திரும்பிவிடும். சில வேளை மாற்றம் இருந்தும் ‘இல்லை’ என்றே வந்துவிடும். அதைவிட ஆபத்து வேறில்லை. இடிடிஏ கரைசலில் ஊறவைத்தால் மரபணு தப்பும், ஆனால் நாட்கள் கூடுதலாகும். ஆகவே எலும்பில் ஊசி போடும் முன்பே, “இந்தச் சதை மாதிரி மரபணுப் பரிசோதனைக்கும் போகிறது” என்று படிவத்தில் எழுதிவிட வேண்டும். எலும்பைச் சுற்றி மென்சதைக் கட்டி இருந்தால் அங்கிருந்து எடுப்பது மேல். அதற்குச் சுண்ணாம்பு நீக்கும் வேலையே வராது. எதுவும் கைகூடாவிட்டால் ரத்தத்தில் மிதக்கும் கட்டி மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. அதில் ‘மாற்றம் இருக்கிறது’ என்று வந்தால் நம்பலாம். ‘இல்லை’ என்று வந்தால் முடிவாகாது. கட்டி போதிய மரபணுவை ரத்தத்தில் விடாமல் இருந்திருக்கலாம்.

இனி மதிப்பெண் முறைகளுக்கு வருவோம். முதுகெலும்புப் பரவலுக்கு டோகுஹாஷி முறை பல ஆண்டுகளாகப் புழங்குகிறது, 2005-இல் திருத்தப்பட்டது. மொத்தம் 15 மதிப்பெண். கூடக் கூட ஆயுள் அதிகம். அதில் புற்று தொடங்கிய இடம் நுரையீரல் என்றாலே அந்த வரிக்குச் சுழியம்தான். எந்த மரபணு, எந்த மாத்திரை என்ற பேச்சே கிடையாது. அதனால் இன்றைய நுரையீரல் நோயாளிக்கு அதை மட்டும் வைத்து அறுவைச் சிகிச்சையை மறுப்பது சரியாகாது.

எங்கள் பார்வையில் கையாளத் தகுந்தது, ஜப்பானின் ஷிசுவோகா புற்றுநோய் மையத்தில் 808 நோயாளிகளை வைத்து கட்டாகிரி குழுவினர் 2014-இல் வெளியிட்ட திருத்திய முறை. இதில் மதிப்பெண் கூடினால் ஆயுள் குறைவு. மாத்திரைக்கு வழியில்லாத நுரையீரல் புற்றுநோய்க்கு 3. மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை (இலக்கு மருந்து) எடுப்பவர் என்றால் 2. கல்லீரல், நுரையீரல், மூளை போன்ற உறுப்பில் முடிச்சாகப் பரவியிருந்தால் 1. நுரையீரல் உறை, வயிற்று உறை, மூளை உறை என்று தூவியதுபோல் பரவியிருந்தால் 2. ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) 0.4 மி.கி. அல்லது மேல், எல்டிஹெச் (செல் சிதைவைக் காட்டும் நொதி) 250 அல்லது மேல், அல்புமின் 3.7 கிராமுக்குக் கீழ் என இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் 1. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ், கால்சியம் 10.3 அல்லது மேல், பிலிருபின் 1.4 அல்லது மேல் என்றால் அந்த 1-க்குப் பதிலாக 2. பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிப்பவர், அதாவது நடமாட்டத்தை அளக்கும் ஈகாக் அளவில் 3 அல்லது 4 என்றால் 1. ஏற்கெனவே கீமோ எடுத்திருந்தால் 1. ஒன்றுக்கு மேற்பட்ட எலும்பில் பரவியிருந்தால் 1. மொத்தம் பத்து. மூன்று வரை பெற்றவர்களில் 91 சதவீதம் பேர் ஓராண்டு தாண்டினார்கள். நான்கு முதல் ஆறு வரை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர். ஏழும் அதற்கு மேலும் பெற்றவர்களில் ஆறு மாதம் தாண்டியவர்கள் 27 சதவீதம், ஓராண்டு தாண்டியவர்கள் 6 சதவீதமே.

கணக்குக்காக இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் இரண்டு முள்ளெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோய். எக்ஸ்ரே படங்களை மாற்றி வைத்தால் அடையாளம் தெரியாது. முதலாமவருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உண்டு, மாத்திரை கிடைக்கிறது, மற்ற உறுப்பில் பரவல் இல்லை, ரத்தம் சீராக இருக்கிறது, கைத்தடியோடு நடக்கிறார். மாத்திரைக்கு 2, பல எலும்புக்கு 1, மொத்தம் 3. இரண்டாமவருக்கு எந்த மாற்றமும் இல்லை (3), நுரையீரல் உறையில் நோய் பரவி நீர் கோத்திருக்கிறது (2), கால்சியம் 11.4 (2), படுக்கை (1), பல எலும்பு (1); மொத்தம் 9. இருவரிடமும் ‘ஆறு மாதம்’ என்று சொன்னால் இருவருக்குமே அது தவறு. அந்த முதலாமவருக்கு மரபணுப் பரிசோதனை செய்யாமலே விட்டிருந்தால் 2 என்பது 3 ஆகி, மொத்தம் 4 ஆகி, 91 சதவீதக் கூட்டத்திலிருந்து பாதிக்குப் பாதிக் கூட்டத்துக்கு வந்துவிடுவார். தாளில் மட்டும் வருவதில்லை. மாத்திரை கிடைக்காமல் உடலிலும் அப்படியே வருவார்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மூன்றும் அதற்குக் கீழும் பெற்ற கூட்டத்தில் ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகம், புராஸ்டேட், அவற்றோடு தைராய்டு போன்ற மெதுவாக வளரும் புற்றுநோய்கள் அடங்கும். அவற்றுக்குப் புற்று தொடங்கிய இடத்துக்கான மதிப்பெண்ணே சுழியம். ஆகவே நுரையீரல் நோயாளி 3 வாங்கினால் அந்த 91-ஐ அப்படியே தன் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, அந்த 808 பேரும் 2005 முதல் 2008 வரை சிகிச்சைக்கு வந்தவர்கள். அன்றைய ‘இலக்கு மருந்து’ கெஃபிடினிப் காலத்தது. ஓசிமெர்டினிப் அப்போது இல்லை. ஒரு பக்கம் எண் கூடுதலாகக் காட்டும், இன்னொரு பக்கம் குறைத்துக் காட்டும்.

பிழை பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைத் தாளில்தான் நுழைகிறது. சிஆர்பி வரம்பு 0.4 என்பது டெசிலிட்டருக்கு. நம் ஊர்ப் பரிசோதனைக்கூடங்கள் பல, லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று அச்சிடுகின்றன, அந்தத் தாளில் 4 என்றிருப்பதுதான் இங்கே 0.4. மேலும், சளித்தொற்றோ காசநோயோ இருந்தாலும் சிஆர்பி ஏறும். எல்டிஹெச் பரிசோதனை முறைக்கு முறை மாறும். தன் இயல்பு உச்சவரம்பு 250-ஐ ஒட்டி இல்லாத கூடத்தின் எண்ணை இந்தக் கணக்கில் அப்படியே போட முடியாது. ரத்தம் எடுக்கும்போது ஊசியில் சிரமப்பட்டு செல்கள் உடைந்தாலும் எல்டிஹெச் பொய்யாக ஏறும். கால்சியத்தில் இதற்கு நேர்மாறான ஏமாற்று. அல்புமின் குறைந்தவருக்கு மொத்தக் கால்சியம் குறைவாகவே தெரியும். 4-இலிருந்து அல்புமினைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்ட வேண்டும். கால்சியம் 9.8, அல்புமின் 2.5 என்று தாள் சொன்னால் உண்மையான அளவு 11.0. ‘நார்மல்’ என்று கடந்துபோன அந்த எண் மலச்சிக்கல், குழப்பம், அதிக தாகம், சிறுநீரகப் பாதிப்பு என்று வீட்டுக்கு வரும். இது மதிப்பெண் விஷயம் மட்டுமில்லை. ஊசி மருந்தும் திரவமும் கொடுத்துக் கால்சியத்தைக் குறைக்க வேண்டிய அவசரம்.

படுத்த படுக்கை என்பதற்கும் காரணம் பார்க்க வேண்டும். நோய் உடலை உருக்கிப் படுக்க வைத்தால் அது கெட்ட அறிகுறி. தொடை எலும்பு முறிந்தோ, வலி மாத்திரை போதாமலோ படுத்திருப்பவரின் ‘ஈகாக் 4’ அந்தக் கணக்கில் வராது. கம்பி வைத்து வலியை அடக்கினால் பத்து நாளில் அவர் 2-க்கு வரக்கூடும். ஜப்பானில் கீமோ தாங்காத, பெரும்பாலும் படுக்கையில் இருந்த, ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள 30 பேருக்கு கெஃபிடினிப் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. 79 சதவீதம் பேரின் நடமாட்டம் மேம்பட்டது. இடைநிலை ஆயுள் 17.8 மாதம். படுக்கையில் இருக்கிறார் என்பதற்காகப் பரிசோதனையே செய்யாமல் கைவிரிப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு அந்த முப்பது பேரே சாட்சி.

இவ்வளவு பாடுபட்டுக் கணிப்பது எதற்கு? குடும்பத்தின் ஆர்வத்துக்காக மட்டும் என்றால் தேவையே இல்லை. எலும்பு விஷயத்தில் அடுத்து என்ன செய்வது என்பதை அந்த எண் நிர்ணயிக்கிறது.

நுரையீரல் புற்றுநோய் எலும்பை அரிக்கும் வகை. தொடை போன்ற நீள எலும்புகளில் இடம், வலி, அரிப்பின் தன்மை, அளவு என நான்குக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் போடும் மிரெல்ஸ் முறை 1989 முதல் உண்டு. ஒன்பதும் மேலும் வந்தால் முறியும் முன்பே கம்பி வைப்பது வழக்கம், எட்டு இரண்டுங்கெட்டான், ஏழும் அதற்குக் கீழும் என்றால் கதிர்வீச்சு போதும். இடுப்பு மூட்டை ஒட்டிய இடம் (3), நடந்தால் குத்தும் வலி (3), அரித்த எலும்பு (3), தடிமனில் பாதி (2): பதினொன்று. இங்கே யோசனை வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கம்பி? நுரையீரல் புற்றுநோயில் முறிந்த எலும்பு பெரும்பாலும் கூடுவதில்லை. ஆகவே வைக்கும் இரும்புதான் கடைசிவரை பாரம் தாங்க வேண்டும். ஓரிரு மாதமே என்று தெரிந்தவருக்கு எலும்பின் உட்குழியில் நீள ஆணி போதும். சில நாளில் நடப்பார். இரண்டு மூன்று ஆண்டு இருக்கப்போகிறவருக்கு, இடுப்பை ஒட்டிய இடத்தில், அதே ஆணி ஒருநாள் ஓய்ந்து உடையும். அவருக்கு நோயுற்ற பகுதியை நீக்கிச் செயற்கை மூட்டு வைப்பதே மேல். ‘நாலாம் ஸ்டேஜ்தானே, சிறிய வேலையாக முடிப்போம்’ என்று பழைய எண்ணை வைத்து முடிவெடுத்தால், மாத்திரையில் நன்றாக இருப்பவர் ஒன்றரை ஆண்டு கழித்து உடைந்த ஆணியோடு திரும்பி வருவார். எந்த அறுவையானாலும் புண் ஆறியபின் அந்த எலும்பு முழுமைக்கும் கதிர்வீச்சு தேவை. அதை விட்டால் ஆணியைச் சுற்றி நோய் மேலும் அரிக்கும்.

தண்டுவடம் நசுங்கும் நிலையில் கணிப்புக்கு நேரமே கிடைப்பதில்லை. படுத்தால் கூடும் முதுகுவலி, நெஞ்சைக் கச்சை கட்டியதுபோல் இறுக்கும் வலி, கால் தடுமாற்றம், சிறுநீர் அடைப்பு இவற்றில் ஏதேனும் வந்தால் அன்றே மருத்துவமனை, அன்றே எம்ஆர்ஐ. நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் நடை நிலைக்கும். கால் முழுதும் விழுந்தபின் தொடங்கினால் மீள்வது அரிது. 2005-இல் வெளியான பாட்செல் ஆய்வில் அறுவையும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். ஆனால் மூன்று மாதமாவது இருப்பார் என்று கணிக்கப்பட்டவர்களே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அந்த எல்லைக்கோட்டில்தான் நல்ல கணிப்பு வேலை செய்கிறது. முள்ளெலும்பு அழிவெல்லாம் புற்று என்று முடிவு கட்டவும் கூடாது. இரண்டு பக்கத்து முள்ளெலும்பும் நடுவிலுள்ள வட்டும் சேர்ந்து அழிந்திருந்தால் நம் ஊரில் காசநோயை முதலில் நினைக்க வேண்டும். புற்றுநோய் பொதுவாக வட்டை விட்டுவைக்கும்.

வலிக்குக் ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைப்பதிலும் இதே கதை. ஒரே தடவையாக 8 கிரே (கதிர்வீச்சின் அலகு) கொடுத்தாலும், பத்து நாளாகப் பிரித்து 30 கிரே கொடுத்தாலும் வலி குறைவது ஏறத்தாழ ஒரே அளவுதான், பத்தில் ஆறு பேருக்கு. வேறுபாடு, ஒரே தடவை பெற்றவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு மறுபடி வைக்க வேண்டியிருக்கும், பல தடவை பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கு. சில மாதங்களே என்று தெரிந்தவரை ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் பத்து நாள் அலைக்கழிப்பதில் பொருள் இல்லை. கதிர்வீச்சின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஓரிரு வாரமே உள்ளவருக்கு அது வலியை விட்டு அலைச்சலை மட்டும் தரும். அவருக்கு மார்ஃபினைச் சரியான அளவில் கொடுப்பதே சிகிச்சை. கதிர்வீச்சு வைத்த முதல் சில நாளில் மூன்றில் ஒருவருக்கு வலி கூடிப் பிறகு தணியும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரவு பதற்றம் குறையும்.

எலும்பைப் பலப்படுத்தும் ஊசிகள் பற்றிச் சுருக்கமாக. சோலெட்ரோனிக் அமிலம் 4 மி.கி., கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு அளவும் குறையும், அந்தச் செயல்பாடு நிமிடத்துக்கு 30 மி.லி.-க்குக் கீழ் போனால் கூடாது. டெனோசுமாப் 120 மி.கி. தோலடியில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. இவை முறிவைத் தள்ளிப்போடும். ஆயுளைக் கூட்டுமா? 2012-இல் ஒரு பெரிய ஆய்வின் நுரையீரல் நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது டெனோசுமாப் எடுத்தவர்கள் 8.9 மாதம், சோலெட்ரோனிக் எடுத்தவர்கள் 7.7 மாதம் என்று வந்தது. அதை நேரடியாகச் சோதிக்க நடந்த ஸ்பிளெண்டர் ஆய்வில் டெனோசுமாப் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை. பின்னோக்கிப் பிரித்துப் பார்க்கும் கணக்குகளை எவ்வளவு நம்புவது என்பதற்கு இது நல்ல அளவுகோல். ‘ஆறு டோசுக்கு மேல் போட்டவர்கள் நீண்ட நாள் இருந்தார்கள்’ என்பது போன்ற கட்டுரைகளும் வருகின்றன. ஆறு டோஸ் போட ஏறத்தாழ ஐந்து மாதமாவது உயிரோடு இருந்தாக வேண்டுமே!

மென்பொருள் கணிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க அரசின் ‘சீர்’ புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துச் செய்யப்பட்டவை. அதில் எலும்புப் பரவல் பதிவாகத் தொடங்கியது 2010-இல்தான். அதுவும் நோய் கண்டுபிடிக்கும்போதே இருந்த பரவல் மட்டும். வயது, பால், கட்டியின் அளவு, மற்ற உறுப்புகளில் பரவல் எல்லாம் உண்டு. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே கிடையாது. நோயாளி நடக்கிறாரா படுத்திருக்கிறாரா என்பது கிடையாது. கீமோ ‘எடுத்தார்’ அல்லது ‘இல்லை/தெரியவில்லை’ என்று இரண்டே கட்டம். ஆயுளை அதிகம் நிர்ணயிக்கும் இரண்டு காரணங்கள் இல்லாமல் எவ்வளவு நவீனமான கணிதத்தைப் போட்டாலும், இல்லாத தகவலை அது உண்டாக்கிவிடாது. இவற்றின் திறனைச் சொல்லும் ‘சி-குறியெண்’ வழக்கமாக 0.7-ஐ ஒட்டி வரும். செய்தியில் அது ‘70 சதவீதத் துல்லியம்’ ஆகிவிடுகிறது. உண்மையில் அதன் பொருள் வேறு: இரண்டு நோயாளிகளை எடுத்தால் யார் முதலில் போவார் என்று பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொல்லும். நாணயம் சுண்டினாலே பத்துக்கு ஐந்து முறை சரியாகும். எத்தனை மாதம் என்பதில் அது சரியா என்பது தனிக் கேள்வி. வேறொரு நாட்டில், வேறொரு மருந்து வசதியில் சோதித்துப் பார்க்காமல் பதில் கிடையாது.

பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடுவதிலும் ஒரு மாயம் உண்டு. பெட் ஸ்கேன் வந்தபின், முன்பு கண்ணுக்கே தெரியாத சிறு எலும்புப் புள்ளிகள் தெரிகின்றன; முன்பு மூன்றாம் ஸ்டேஜ் என்று எழுதப்பட்டவர் இன்று நாலாம் ஸ்டேஜ். மூன்றின் மோசமானவர்கள் நான்கின் நல்லவர்களாக இடம்பெயர, ஒருவர்கூடக் கூடுதல் நாள் வாழாமலே இரண்டு ஸ்டேஜின் சராசரியும் உயரும். இதை அமெரிக்க மருத்துவர் ஃபைன்ஸ்டீன் 1985-இல் நுரையீரல் புற்றுநோயாளிகளின் பதிவுகளை வைத்தே எடுத்துக்காட்டினார்.

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாத ஸ்கேனில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. மருந்து வேலை செய்தால், அரித்த இடங்கள் ஆறி வெள்ளையாகக் கெட்டியாகும். முன்பு தெரியாமல் இருந்த சிறு புள்ளிகளும் இப்போது ‘புதிய எலும்புப் பரவல்’ போலத் தெரியும். எலும்பு ஸ்கேனில் பளிச்சென்றும் காட்டும். வலி குறைந்து, நுரையீரல் கட்டி சுருங்கி, நோயாளி நன்றாக நடமாடும்போது எலும்பில் மட்டும் ‘கூடியிருக்கிறது’ என்று அறிக்கை வந்தால், உடனே மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நல்ல மருந்தை அவசரத்தில் நிறுத்தியவரின் கணிப்பு, நிறுத்தியதாலேயே பலித்துவிடும்.

மருத்துவர்களின் சொந்தக் கணிப்பும் அப்படியொன்றும் சுத்தமில்லை. சிகாகோவில் 343 மருத்துவர்கள் 468 இறுதிக்கால நோயாளிகளுக்குச் சொன்ன நாட்களை உண்மையோடு ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் வெளியானது. சரியாகச் சொன்னது 20 சதவீதம். கூடுதலாகச் சொன்னது 63 சதவீதம். மொத்தத்தில் சொன்னது உண்மையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். நோயாளியை நீண்ட நாள் அறிந்த மருத்துவரின் கணிப்பு இன்னும் மோசம்; பாசம் கணக்கைக் கெடுக்கிறது. ஆக, நம் ஊரில் முதல் நாளே ‘ஆறு மாதம்’ என்று குறைத்தும், கடைசி மாதத்தில் ‘பார்ப்போம், தேறலாம்’ என்று கூட்டியும் சொல்லிவிடுகிறோம். எப்போது எண் தேவையில்லையோ அப்போது கொடுக்கிறோம், எப்போது தேவையோ அப்போது மறைக்கிறோம்.

ஆகவே குடும்பத்தினர் “எத்தனை நாள்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “மரபணு முடிவு வந்துவிட்டதா? இந்த மருந்தோடு, இவரைப் போன்ற பத்துப் பேரில் எத்தனை பேர் ஒரு வருடம் தாண்டுவார்கள்? அந்தக் கணிப்பால் சிகிச்சையில் எது மாறும்?” என்று கேட்கலாம். மருந்து தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில், முதல் ஸ்கேனுக்குப் பிறகு, அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். அப்போது வரும் பதில் முதல் நாள் பதிலைவிடத் தெளிவாக இருக்கும். நோயாளிக்கே தெரிய வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. வலி தணிப்புப் பிரிவுக்குப் போனால் ‘கடைசி’ என்று அர்த்தம் கொள்ள வேண்டாம். பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அந்தப் பிரிவின் கவனிப்பையும் சேர்த்துப் பெற்றவர்கள் 11.6 மாதம் இருந்தார்கள், பெறாதவர்கள் 8.9 மாதம்.

கடைசியாக, ஊர் மாறி மேல்சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் படங்களையும் டிஸ்சார்ஜ் தாளையும் மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பயாப்ஸி சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் ‘பிளாக்’கை, பயாப்ஸி எண்ணோடு, எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள், சுண்ணாம்பை எதில் நீக்கினார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். வெயிலில் காரின் முன்கண்ணாடி ஓரம் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.

இப்படிக்கு,
புற்றுநோய் மருத்துவம், எலும்பு அறுவை, வலி தணிப்புப் பிரிவுகளைச் சேர்ந்த மருத்துவர்கள் மூவர்,
மதுரை.